பட்டிக்கு வந்த நோயும் பட்டியலிலுள்ள அதிகாரமும்

(கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையில் நின்றுகொண்டு மாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். இங்கே மாடு கட்ட இடமில்லை. மனிதன் பாய் விரிக்கவே இடமில்லை. ஆயினும் 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வற்றிப்போனபோது கொழும்பின் தெருக்களிலே பால்மாப் பெட்டிக்காகத் தாய்மார் வரிசையில் நின்றதை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்கமாட்டார். துறைமுகம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே நியூசிலாந்துப் பால்மா இறங்காவிட்டால் இங்கே குழந்தையின் கோப்பை வெறுமையாகிவிடுகிறது. அப்படியிருக்க, வன்னியில் ஒரு பசு நோயுற்று விழுந்தால் அது கொட்டாஞ்சேனைக்கும் செய்தியே அன்றோ?

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கால்நடை நோய்த் தடுப்பும் அரசாங்கத்தின் கடமையும். வைத்தியம் பேச நாம் வரவில்லை. அதைப் பேசத் தக்கவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பிழை கண்டால் திருத்துவார்கள். நாம் பேச வந்தது, அதிகாரம் எங்கே இருக்கிறது, பணம் எங்கே இருக்கிறது, மாடு எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை. இம்மூன்றும் மூன்று இடங்களில் இருப்பதே நம் துன்பத்தின் வேர்.

முதலில் ஒரு பழைய கதையை நினைவூட்டுவோம். வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்குவர். காய்ச்சலும் கழிச்சலும் கண்ட மாடு ஒரு வாரத்துள் மடியும். பட்டி முழுவதும் வெறுமையாகும். அந்நோய் இலங்கையிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒழிந்திருந்தது. 1987ஆம் ஆண்டு அது திரும்பி வந்தது. எப்படி வந்தது? இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் வந்தது என்பதே இத்துறை அறிஞர்கள் பதிவுசெய்திருக்கும் முடிவு. ஆட்டிலே அது பெரிதாக வெளித்தெரியவில்லை. மாட்டிலும் எருமையிலும் கொன்றது. அதனை மீண்டும் அடக்க 1994 வரை ஆயிற்று.

இதிலே சட்டம் கற்றவன் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. வெளிநாட்டிலிருந்து விலங்கு வந்தால் தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும் என்ற கட்டளை அன்றும் இந்நாட்டில் இருந்தது. ஒரு கமக்காரர் இராமேசுவரத்திலிருந்து ஒரே ஓர் ஆட்டைத் தோணியில் ஏற்றி வந்திருந்தால் அவரைப் பிடித்து நீதிமன்றில் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் படைக்கு வந்த ஆட்டை யார் தடுத்தார்கள்? சட்டம் எளியவன் வாசலில் காவல் நின்றது. வலியவன் வாசலில் கண்ணை மூடிக்கொண்டது. நோய்க்கிருமியோ இரு வாசல்களையும் வேறுபாடின்றி மிதித்தது. போரின் நடுவே, வடக்கிலும் கிழக்கிலும் மனிதனுக்கே மருந்து போகாத நாளிலே, தடுப்பூசி ஏற்றப் போன கால்நடை உத்தியோகத்தர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவர்களுக்குச் சிலை ஏதும் இல்லை.

தமிழ்நாட்டின் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் 1995இல் கண்டதே இந்தியாவின் இறுதி வெக்கை நோய். 2011ஆம் ஆண்டு உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் பூமியிலிருந்து துடைத்தெறியப்பட்ட இரண்டாவது நோய் அது. ஆகவே, கால்நடை நோயை ஒழிக்க முடியாது, அது விதி என்று எவரும் நம்மிடம் சொல்லவேண்டாம்.

ஐரோப்பாவைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் செய்ததெல்லாம் வேதம் என்று சொல்பவர்கள் நாம் அல்லர். ஆனால் அவன் மூன்று நூற்றாண்டுகளாக மாடு செத்துச் செத்துப் பாடம் படித்தவன். 1711இல் வெக்கை நோய் இத்தாலியில் புகுந்தபோது, போப்பாண்டவரின் வைத்தியர் லான்சிசி என்பார், நோயுற்ற மாட்டை உடனே கொன்று புதைத்தலும் மந்தைகள் நடமாடாமல் தடுத்தலுமே வழி என்றார். 1714இல் இங்கிலாந்திலே பேற்சு என்ற அரச வைத்தியர் அதே வழியைச் சற்று மாற்றிச் செய்தார். மாட்டைக் கொன்றால் சொந்தக்காரனுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்றார். இத்தாலியிலே கட்டளையை மீறியவனுக்குக் கொடுந்தண்டனை. இங்கிலாந்திலே கீழ்ப்படிந்தவனுக்குக் கைமேல் காசு. அங்கே சில மாதங்களில் நோய் தீர்ந்தது.

ஆனால் அரசாங்கங்களுக்கு ஞாபகம் குறைவு. 1865இல் பால்டிக் கரையிலிருந்து அல் துறைமுகத்துக்கு வந்திறங்கிய மாடுகளோடு அந்நோய் பிரித்தானியாவுக்கு மறுபடியும் வந்தபோது, பேற்சு சொன்னதை எல்லாரும் மறந்திருந்தார்கள். சந்தையை மூடலாமா கூடாதா, வியாபாரச் சுதந்திரம் என்னாவது என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். இலட்சக்கணக்கான மாடுகள் மடிந்த பின், 1866 பெப்ரவரியிலே பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நோயுற்ற மாட்டைக் கொல்லுதல் கட்டாயமாயிற்று. அதற்கு மதிப்பில் ஒரு பங்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது. நோயுற்றதோடு கூட நின்ற நல்ல மாட்டைக் கொன்றால் அதைவிடக் கூடிய பங்கு கொடுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை நாம் விரும்பிப் படித்ததுண்டு. ஏனெனில் அதிலே ஒரு மனித உண்மை அடங்கியிருக்கிறது. நோயை முந்திச் சொன்னவனுக்கு நட்டம் குறைவாக இருந்தால் எல்லாரும் முந்திச் சொல்வார்கள். சொன்னவனுக்கே நட்டம் என்றால், இரவோடிரவாக மாட்டை அடுத்த ஊருக்கு விற்றுவிடுவார்கள்.

இன்னொரு செய்தி நம்மவர்க்குச் சுவையாக இருக்கும். 1920இல் நம் நாடுகளின் பக்கத்துத் திமில்மாடுகளைப் பிரேசிலுக்கு ஏற்றிச் சென்ற கப்பல், வழியிலே பெல்ஜியத்தின் அன்ற்வெர்ப் துறைமுகத்தில் அவற்றை இறக்கி வைத்தது. அங்கே வெக்கை நோய் பரவியது. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1924இல் இருபத்தெட்டு நாடுகள் பாரிசில் கூடி உலக விலங்குச் சுகாதார நிறுவனத்தை அமைத்தன. ஐக்கிய நாடுகள் சபைக்கு முன் பிறந்த நிறுவனம் அது. 

ஐரோப்பா எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டதா? இல்லை. 2001ஆம் ஆண்டு பிரித்தானியாவில் கால்-வாய் நோய், தமிழ்நாட்டார் கோமாரி என்பது, வந்தது. பெப்ரவரி 20 அளவில் நோய் உறுதியாயிற்று. நாடு முழுவதும் விலங்குகளின் போக்குவரத்தைத் தடுத்தது 23ஆம் திகதி. நோய் உறுதியாவதற்கு முன்னரும் அந்த மூன்று நாள்களிலும் சந்தைக்குச் சந்தை போன செம்மறியாடுகள் நோயை நாடெங்கும் விதைத்துவிட்டிருந்தன. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. நோய் கண்ட பண்ணைக்கு அடுத்த பண்ணை என்ற ஒரே குற்றத்துக்காக நோயற்றவையும் சுடப்பட்டன. பொதுத்தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். கணக்கன் கொடுத்த தொகை எண்ணூறு கோடிப் பவுண். டெவன் பகுதியிலே, கொல்லப்பட்ட தாயின் பக்கத்தில் ஐந்து நாள் உயிரோடு கிடந்த ஒரு கன்றின் படம் பத்திரிகைகளில் வந்தபின்னரே அரசாங்கத்தின் மனம் சற்று அசைந்தது. புள்ளிவிபரம் அசைக்காத அமைச்சரைக் கன்றுக்குட்டி அசைத்தது.

அந்நோய் எங்கே தொடங்கிற்று என்று தேடினார்கள். வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத எச்சில் உணவைப் பன்றிக்குப் போட்டதிலே தொடங்கியிருக்கவேண்டும் என்பது விசாரணையின் முடிவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தைப் பேசும்போது திரும்ப எடுப்போம்.

இவ்வாறு அடிபட்டபின் ஐரோப்பிய ஒன்றியம் தன் சிதறிய விதிகளையெல்லாம் ஒன்றாக்கி 2016இல் விலங்குச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2021 ஏப்ரல் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன் கருத்தை எளிய தமிழில் சொன்னால் இவ்வளவுதான். நோய்களைத் தரம் பிரித்து வை. எந்த நோய்க்கு என்ன செய்வாய் என்று நோய் வருமுன்னரே எழுதி வை. மாட்டுக்காரன், வைத்தியன், அரசாங்கம் ஆகிய மூவருக்கும் கடமையைப் பங்கிடு. நோய் கண்ட இடத்தைச் சுற்றி வட்டம் போடவேண்டும். கால்-வாய் நோய்க்கு மூன்று கிலோமீற்றர், பத்துக் கிலோமீற்றர் என இரு வட்டங்கள். ஈயாலும் நுளம்பாலும் பரவும் தோல்கழலை நோய்க்கு இருபதும் ஐம்பதும். வட்டத்தின் அளவு அமைச்சரின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததன்று, முன்னரே எழுதப்பட்டது. கொன்ற மாட்டுக்குக் கொடுக்கும் நட்டஈட்டில் ஒன்றியம் தானும் ஒரு பங்கு சுமக்கிறது.

தோல்கழலை நோய் என்றோம். 1929இல் வட ரொடீசியாவில் முதன்முதல் கண்ட நோய் அது. 2015இல் கிரேக்கத்தில் புகுந்து மறுவருடம் பல்கேரியா, சேர்பியா, அல்பேனியா என்று பரவியது. பல்கேரியா என்ன செய்தது? சேமிப்பிலிருந்த தடுப்பூசியைப் பெற்று 2016 கோடையில் நாட்டு மாடுகள் அனைத்துக்கும் ஏற்றிற்று. சில மாதங்களில் நோய் அடங்கியது. அதே நோய் 2025இல் பிரான்சுக்கு வந்தபோது, ஒரு மாட்டுக்கு நோய் கண்டால் மந்தை முழுவதையும் கொல்வது என்ற முடிவு எடுக்கப்பட்டது. நட்டஈடு உண்டு, தடுப்பூசியும் உண்டு. ஆயினும் டிசம்பரில் தென்மேற்குப் பிரான்சின் கமக்காரர் உழவு இயந்திரங்களால் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். காசு எல்லாவற்றையும் ஈடுசெய்வதில்லை. ஒரு மந்தை என்பது நான்கு தலைமுறை தேர்ந்தெடுத்த இரத்தம். அதை ஒரு காலைப்பொழுதில் காசோலையாக மாற்றிக் கையில் கொடுத்தால் எவன் பொறுப்பான்? அந்தக் கமக்காரரைக் கேட்காமல் பாரிசில் எடுத்த முடிவு அது என்பதே அவர்களின் கோபம்.

இனி நம் நிலத்துக்கு வருவோம்.

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே தோல்கழலை நோய் இலங்கையில் முதன்முதலாக வட மாகாணத்திலே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அது இந்தியாவிலும் வங்காள தேசத்திலும் இருந்தது. பாக்குநீரிணையைத் தாண்டும் என்று எதிர்பார்த்திருக்கவேண்டிய நோய். தோலெங்கும் கட்டி, காய்ச்சல், பால் வற்றிப்போதல். சாவு குறைவு என்றாலும், இரண்டு பசுவை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு விதவைத் தாய்க்குப் பால் வற்றுவதும் பசு சாவதும் ஒன்றே. 2022இல் இந்தியாவில் அதே நோய் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. 2023இல் வடமேல் மாகாணத்திலே பரவியபோது அங்கே மாடுகளின் போக்குவரத்துக்குத் தடை விதித்தார்கள்.

இப்போது கேட்கிறோம். 2020இல் வட மாகாணத்துக்கு நோய் வந்தபோது, அதைப் பற்றிக் கூடிப் பேச, வாதாட, பணம் ஒதுக்க, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எது? சட்டத்தைத் திறந்து பாருங்கள். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலே மாகாணப் பட்டியல் என்று ஒன்றுண்டு. அதில் கால்நடை வளர்ப்பு என்ற தலைப்பின் கீழ், மாகாணத்துள் கால்நடைகளைப் பேணுதல், பாதுகாத்தல், மேம்படுத்தல், விலங்கு நோய்களைத் தடுத்தல் என்பன மாகாணத்துக்கே கொடுக்கப்பட்டுள்ளன. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு நோய் பரவாமல் தடுத்தல் ஒருங்கியை பட்டியலில் இருக்கிறது. அதாவது கொழும்பும் மாகாணமும் சேர்ந்து செய்யவேண்டியது. இந்தியாவின் அரசியலமைப்பிலிருந்து ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் எடுத்த ஏற்பாடு இது. எழுதியவன் நன்றாகவே எழுதியிருக்கிறான். ஆனால் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டமோ கொழும்புப் பாராளுமன்றம் இயற்றியது. அதன் கடிவாளம் மத்திய திணைக்களத்தின் தலைவர் கையில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. வட மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. நோய் வந்தபோது ஆளுநர் இருந்தார், உத்தியோகத்தர் இருந்தார், சபை இல்லை. மாட்டுக்காரன் கேள்வி கேட்கக்கூடிய ஒரு மனிதன்கூட அங்கே கதிரையில் இல்லை.

சிலர் நம்மைப் பார்த்து, எதை எடுத்தாலும் அதிகாரப் பகிர்வுதானா, மாட்டு நோயிலுமா என்று கேட்பதுண்டு. ஆம், மாட்டு நோயிலும்தான். ஏனென்று சொல்வோம். 2022 டிசம்பரில், புயலின் குளிர்காற்றும் மழையும் சேர்ந்தடித்த சில நாள்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. குளிரா, கொள்ளைநோயா என்று முதலில் யாருக்கும் தெரியாது. மாதிரிகளைச் சோதிக்கும் தேசிய ஆராய்ச்சி நிலையம் பேராதனையின் கன்னொறுவையிலே. நாட்டின் ஒரேயொரு கால்நடை வைத்திய பீடமும் பேராதனையிலே. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். இறைச்சி கொண்டுசெல்லத் தடை மட்டும் விரைந்து வந்தது. செத்த மாட்டுக்கும் விலைபோகாத மாட்டுக்கும் இடையிலே கமக்காரன் நின்றான். முடிவு எடுப்பவன் தூரத்தில் இருந்தால் தடை முதலில் வரும், விளக்கம் பிறகு வரும், பணம் கடைசியில் வரும். பிரான்சிலே நடந்ததும் இதுவே. அங்கே இனப்பிரச்சினையும் இல்லை.

மாட்டின் நடமாட்டத்தைத் தடுப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஐரோப்பாவில் மாடு வேலிக்குள் நிற்கிறது. பைத்தியப் பசு நோயின் பின்னர் ஒவ்வொரு மாட்டுக்கும் காதிலே இலக்கம், கையிலே கடவுச்சீட்டு. நம்மிடமும் குறிசுடும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு; குறியைப் பதிவதும் மாட்டை ஏற்றிச்செல்ல அனுமதி பெறுவதும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்திலே இருக்கின்றன. ஆனால் அச்சட்டத்தை மாட்டுக் கள்ளனைப் பிடிக்கவே பயன்படுத்துகிறோம். நோயைப் பின்தொடரப் பயன்படுத்துவதில்லை. அதே ஏட்டில் தடுப்பூசித் திகதிக்கு ஒரு பத்தி சேர்த்தால் எவ்வளவு பெரிய காரியம்! புதிய இயந்திரம் வேண்டாம்; ஒரு கோடு போடும் அடிமட்டம் போதும்.

ஆயினும் மட்டக்களப்பிலே வயல் விதைத்தால் மாட்டை அங்கே வைத்திருக்க முடியாது. காலபோகத்துக்கு மாடுகள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்குப் போயே ஆகவேண்டும். அன்றைக்கு ஒரு வர்த்தமானி, எந்த மாடும் அசையக்கூடாது என்று சொன்னால் மாட்டுக்காரன் சட்டத்தை மீறுவான், அல்லது அயலானின் பயிரை அழிப்பான். அந்த மேய்ச்சல்தரையிலோ அத்துமீறிய குடியேற்றம். 2023 செப்டெம்பரிலே பண்ணையாளர் தொடர்போராட்டத்தில் இறங்கினார்கள். தரை சுருங்கினால் மந்தைகள் நெருங்கும். நெருங்கினால் ஒன்றின் நோய் ஊரின் நோயாகும். ஆகவே மேய்ச்சல்தரையைக் காப்பதும் நோய்த் தடுப்பே. இதை எந்தக் கால்நடை வைத்தியரும் மறுக்கமாட்டார். இந்த நிலத்தை அறிந்த ஒருவர் எழுதினால், அசையாதே என்று எழுதமாட்டார். விதைப்புக்கு ஒரு மாதம் முன் ஊசி ஏற்று, பிறகு போகவிடு என்று எழுதுவார்.

துறைமுகத்துக்கு வருகிறோம். 2024 அக்டோபரிலே ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இந்நாட்டில் பரவியது தெரிந்து, விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் அபாயப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மனிதனுக்கு அது தொற்றாது. பன்றிக்கு ஏறக்குறைய மரணமே. உலகம் ஒப்புக்கொண்ட தடுப்பூசி இன்னும் இல்லை. கொட்டாஞ்சேனைச் சகோதரர் பலர் பன்றியிறைச்சி உண்பவர். நத்தார்ப் பண்டிகை நெருங்கிய வேளையில் கடைக்காரரும் பண்ணையாளரும் பட்ட பாட்டை அறிவார்கள். இந்நோய் 2007இல் ஆபிரிக்காவிலிருந்து ஜோர்ஜியாவின் போற்றி துறைமுகத்துக்கு வந்தது, கப்பற் சமையலறையின் எச்சில் உணவோடு வந்தது என்றே கருதுகிறார்கள். அங்கிருந்து 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தது. செக் நாடும் பெல்ஜியமும் வேலி கட்டி, செத்த காட்டுப்பன்றிகளைத் தேடி எடுத்து அதைத் துரத்தின. மற்ற நாடுகள் பல இன்றும் போராடுகின்றன. எச்சில் உணவை விலங்குக்குக் கொடுப்பதை ஐரோப்பா 2002இல் தடைசெய்துவிட்டது. நம் கொழும்பின் விடுதிகளின் எச்சில் வாளிகள் எங்கே போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அதை விற்று ஒருவன் பிழைக்கிறான், வாங்கி ஒருவன் பன்றி வளர்க்கிறான். தடை மட்டும் போட்டால் இருவரும் பட்டினி. நன்கு கொதிக்கவைத்தே கொடுக்கவேண்டும் என்று விதித்து, அதற்குக் கொப்பரையும் விறகும் நகரசபை கொடுத்தால் இருவரும் பிழைப்பர், பன்றியும் பிழைக்கும். கப்பற் கழிவைத் துறைமுகத்துள்ளேயே எரிக்கவேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நட்டஈடு பற்றிச் சொல்லி முடிப்போம். நோய்க்காகக் கொல்லப்படும் விலங்குக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்குள், யார் கொடுப்பது என்பது முன்கூட்டியே வெளியிடப்பட்ட அட்டவணையாக இருக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை. பிரதேச செயலகத்தின் சுவரிலே, தமிழிலே, எழுத்துப் பெரிதாக ஒட்டியிருக்கவேண்டும். கறவைப் பசுவுக்கு இறைச்சி விலை கொடுக்கக்கூடாது. பாலின் விலையைச் சேர்த்துக் கணக்கிடவேண்டும். ஒரு பசு வைத்திருப்பவருக்கு முதலில், ஐம்பது வைத்திருப்பவருக்குப் பிறகு. விலையை மதிக்கும் குழுவிலே ஊர்க் கமக்காரர் ஒருவர் அமரவேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பால்மா இறக்குமதிக்கு இந்நாடு செலவிடும் வெளிநாட்டுக் காசிலே ஒரு சிறு துளி போதும் என்போம்.

இக்கோரிக்கைகளை ஒரு மனுவாக வரைந்து கொண்டுவந்திருக்கிறோம். ஒன்று கால்நடைத் துறை அமைச்சருக்கு. இரண்டு வடக்கு, கிழக்கு ஆளுநர்களுக்கு. தடுப்பூசித் திகதிகளைப் பற்றிய மூன்றாம் பந்தியை வைத்தியர்கள் கூட்டம் முடிந்தபின் இருந்து பார்த்துத் தரவேண்டும். மட்டக்களப்பிலிருந்து வந்த அன்பர்கள், மாடுகள் எந்த வாரத்தில் வயலைவிட்டுப் புறப்படும் என்பதை நம்மிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அந்த இடத்தை மனுவில் வெறுமையாக விட்டிருக்கிறோம். கையொப்ப ஏடு வாசலருகே மேசையில் இருக்கிறது.